மேஸ்திரியின் பச்சைப் பெல்ட்

என் அறைக் கதவின் பின்னால் ஆணியில் ஒரு பெல்ட் தொங்குகிறது. பச்சை நிறம், ஒரு கை அகலம், பித்தளைப் பொத்தானை அழுத்தி மூடுகிற மூன்று பைகள். துறைமுகத்திலும் ரயில் பட்டறையிலும் நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக வேலை செய்த காலத்தில் கைலிக்கு மேல் இதைத்தான் இறுக்கிக் கட்டினார்களாம். இன்றைய யாங்கூனில் இதைக் கட்டிக்கொண்டு ஒருவன் தெருவில் போனால் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு பைகள் தட்டையாகக் கிடக்கின்றன. வலது பக்கத்துப் பை மட்டும் புடைத்து, தோல் ஒரு பொருளின் அச்சை வாங்கிக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை. என்றாலும் அறைக்கு வருகிறவர்களின் கண் முதலில் அங்கேதான் போகிறது.

இது மேஸ்திரியின் பெல்ட். அலோன் படித்துறைக்கு அருகே ஒரு பயறுக் கிட்டங்கியில் அவர் கூலியாட்களுக்குத் தலைவர். நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லாரியில் கிளீனராகப் போனேன், தெற்கே மீன் படகில் இருந்தேன், வடக்கே கல் சுரங்கத்தில் மண் அள்ளினேன். எங்கேயும் இரண்டு மழைக்காலம் நிலைத்ததில்லை. காய்ச்சலோடு யாங்கூனுக்குத் திரும்பி வந்தபோது கிட்டங்கியின் மாடியில், கிழிந்த சாக்குகள் போட்டிருந்த மூலையில், படுக்க இடம் கொடுத்தவர் அவர். அதற்காக அவர் என்னிடம் ஒரு நல்ல வார்த்தையும் எதிர்பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் கைலி கட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்த ஊரில் ஆண்கள் தெருவில் நின்றபடியே கைலியை அவிழ்த்து, இரண்டு பக்கமும் விரித்து, ஒரு முறை உதறி, திரும்ப முன்னால் முடிந்துகொள்வார்கள். முடிச்சு இளகிக்கொண்டே இருக்கும் துணி அது. யாரும் கவனிப்பதில்லை. ஆனால் எங்கள் மேஸ்திரி செய்யும்போது முற்றமே கவனிக்கும். லாரி வாசலில் வந்து நின்றதும் அவர் முற்றத்தின் நடுவில் வந்து நிற்பார். கைலியை அவிழ்த்து, பாய்மரம் போல விரித்து, படார் படாரென்று இரண்டு உதறு உதறி, முறுக்கிச் செருகுவார். அதுதான் உத்தரவு. அந்தச் சத்தம் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஆட்கள் எழுந்திருப்பார்கள். பயறு புடைக்கிற பெண்கள் முறத்தை எடுப்பார்கள். வாய் திறந்து ‘வேலையை ஆரம்பிங்க’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, ஊர் மாறியது. எப்படி மாறியது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பேச்சுச் சத்தம் குறைந்தது. டீக்கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்கள் வாசலைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார்கள். ஒரு நாள் நண்பகலில் எங்கள் கூலியாட்கள் இருவரை அவர்கள் தங்கியிருந்த அறைக்கே சிப்பாய்கள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். நேராக அந்த அறைக்கு வந்திருந்தார்கள், பக்கத்து அறையைத் தட்டவில்லை. அந்த அறையை அவர்களுக்கு வாடகைக்குப் பார்த்துக் கொடுத்திருந்தவர் மேஸ்திரி. யார் எங்கே தங்குகிறார்கள் என்று முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர். அடுத்த வாரம் கிட்டங்கிப் படிக்கட்டை ஒட்டிய சுவரில் கரியால் ஒரு சொல் எழுதியிருந்தது: டலான். காட்டிக் கொடுக்கிறவன் என்று அர்த்தம். பர்மாவில் அந்தச் சொல் ஒருவன் மேல் விழுந்தால் அவன் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் நடக்க வேண்டும். பக்கத்துப் பேட்டையில் அப்படிப் பெயர் வாங்கிய ஒரு கடைக்காரரைப் பட்டப்பகலில், கடையில் உட்கார்ந்திருந்தபோதே சுட்டிருந்தார்கள்.

மேஸ்திரி ஈரச்சாக்கால் அதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: “நீயா தம்பி?”

“என்ன மேஸ்திரி?”

“எழுதுனது.”

“எனக்கு பர்மிய வட்ட எழுத்து ஒழுங்கா வராது. இது நல்லா வட்டமா இருக்கு” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்தப் பதிலைச் சாக்கு மூட்டையைத் தூக்கிப் பார்ப்பது போல மனத்தில் தூக்கிப் பார்த்தார். எடை சரியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் வீடு இன்சீனில். தினமும் வட்ட ரயிலில் வந்து போவார். எதிரே ஒருவன் உட்கார்ந்து வருகிறான், இறங்கும்போது இறங்குகிறான் என்றார். மறுநாள் அவனில்லை, வேறொருவன் என்றார். அது பயமா உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. சுரங்கத்தில் பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், பயந்தது சரிதான் என்று பிறகு தெரிந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு மதியம் மாடிக்கு ஏறி வந்து, சாக்கின் மேல் உட்கார்ந்து, “தம்பி, நீ வடக்கே இருந்தவன். துப்பாக்கி பார்த்திருப்பே. சின்னதா ஒண்ணு, மடியில வச்சிக்கிற மாதிரி. கூரைத் தகடு மாத்த வச்சிருக்கிற பணத்துக்குள்ள வரணும்” என்றார். அவர் வீட்டுக் கூரை ஒழுகுவது எனக்குத் தெரியும். மழைக்கு முன் மாற்றிவிடுவதாக அவர் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

அகப்பட்டால் ஜெயில், அதுவும் சின்ன ஜெயில் இல்லை என்றேன். “அகப்படலேன்னா?” என்று கேட்டார்.

லான்மடாவில் தையல் மெஷின் பழுது பார்க்கும் ஒருவரிடம் போனோம். யார் சொல்லிப் போனோம் என்பது இங்கே வேண்டாம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. தெரு சத்தமாக இருந்தது எங்களுக்கு வசதி. மெஷின்காரர் எங்களைப் பார்க்கவே இல்லை, ஊசியைத் துடைத்துக்கொண்டே பின்கட்டைக் காட்டினார். அங்கே ஒரு பழைய துணியில் மூன்று இருந்தன.

முதலாவது கையால் செய்தது, தண்ணீர்க் குழாயை வெட்டிக் குழல் ஆக்கியிருந்தார்கள். விலை எங்களுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் அதைப்போல ஒன்று வெடித்து, சுட்டவனுடைய விரல்களே போனதைச் சுரங்கத்தில் பார்த்தவன் நான். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். இரண்டாவது சுழல் துப்பாக்கி, கனமாக, திடமாக, எண்ணெய் போட்டு வைத்திருந்தது. நம்பலாம் போலிருந்தது. அதன் விலைக்குக் கூரை இல்லை, வீட்டையே விற்க வேண்டும். மூன்றாவது உள்ளங்கை அளவு, தட்டையானது. மேலே இருந்த எழுத்துகளை யாரோ அரத்தால் அராவிவிட்டிருந்தார்கள். மேஸ்திரி அதைத்தான் எடுத்தார். எனக்கு முதல் சந்தேகம் அப்போதே வந்தது. மற்ற இரண்டுக்கும் விலையில் பிடிவாதமாக நின்ற மனிதர் இதற்கு மட்டும் நாங்கள் கேட்டதும் இறங்கினார்.

“சுடுமா?” என்று பர்மியத்தில் கேட்டேன்.

“சுட்டுப் பாரேன்” என்றார் மெஷின்காரர், தெருப் பக்கம் கையை நீட்டி. “நான் கடையைச் சாத்திட்டு ஓடறேன்.”

மேஸ்திரி என் காதருகே, “சின்னதா இருக்கு. அது போதும்” என்றார்.

மாம்பழம் வாங்கினால்கூட முகர்ந்து பார்க்கிறோம். உயிரைக் காக்க வாங்கியதை முகர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்தோம். இரண்டு தெரு தள்ளி நடக்கும்வரை நான் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். மெஷின்காரர் எங்களை விற்றுவிட்டிருப்பாரோ என்று நான் நினைத்தேன். மேஸ்திரி என்ன நினைத்தாரோ, என்னை முன்னால் நடக்கச் சொன்னார்.

வாங்கியபோது இருவருக்கும் தோன்றாத ஒன்று மாடிக்கு வந்த பிறகு தெரிந்தது. வைக்க இடமில்லை. இங்கே நாம் பணப்பையையும் கைபேசியையும் கைலியின் பின்புறம் இடுப்பில் செருகிக்கொள்வோம். அங்கே செருகினார். இரண்டு எட்டு நடந்ததும் கைலி பின்னால் இறங்கியது. முன்னால் முடிச்சுக்குள் வைத்தார். உட்கார்ந்து எழுந்தபோது அது தொடை வழியாக வழுக்கிக் காலில் விழுந்தது. இருவரும் பல்லியைப் பார்த்ததுபோல் துள்ளிக் குதித்தோம். கால்சட்டை போடலாமே என்றேன். “கல்யாணத்துக்குப் போட்டது. இப்பப் போட்டுக்கிட்டு வந்தா ஊரே என்னன்னு கேக்கும்” என்றார். பை எடுத்துப் போனால் சோதனைச் சாவடியில் முதலில் பையைத்தான் திறக்கச் சொல்வார்கள். அப்போதுதான் அவருக்கு அப்பாவின் பெல்ட் ஞாபகம் வந்தது. வீட்டில் பெட்டியின் அடியில் கிடந்ததை எடுத்து வந்தார். “காலாகாரன் பழைய பெல்ட் கட்டுறான்னுதானே நினைப்பான்? நம்ம மேல அவ்வளவு கண்ணெல்லாம் எவனுக்கும் இல்ல தம்பி” என்றார். காலா என்று இந்தியர்களான நம்மை இங்கே மட்டமாகக் கூப்பிடும் பெயரையே மறைவாக வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணினார். எனக்கும் அது புத்திசாலித்தனமாகவே பட்டது.

சட்டைக்கு உள்ளே, கைலிக்கு மேலே பெல்ட். மறுநாள் லாரி வந்தது. அவர் முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். கை முடிச்சுக்குப் போனது, திரும்பி வந்துவிட்டது. பெல்ட்டை அவிழ்க்காமல் கைலியை அவிழ்க்க முடியாது. பெல்ட்டை அவிழ்த்தால் பை தெரியும். ஆட்கள் வெற்றிலையை மென்றபடி காத்திருந்தார்கள். கடைசியில் அவர் தொண்டையைக் கனைத்து, “ம், ஆரம்பிங்க” என்றார். யாரோ தெரியாத ஆள் பேசியதுபோல் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பயறு புடைக்கும் பெண்களுக்குத் தலைவி ஒரு பர்மியக்கார அம்மாள், வாய்த்துடுக்கு. மேஸ்திரியை ‘சயா’ என்பாள், நாம் ஐயா என்பது போல. “சயா, கைலிக்குப் பசை போட்டு ஒட்டிட்டீங்களா? இல்ல, வீட்டுல அம்மா பூட்டுப் போட்டு அனுப்பிட்டாங்களா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரிக்க முயன்றார். இரண்டாம் நாளும் அதேபோல் கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் டீக்கடை மேசைக்கு வந்தால் மற்றவர்கள் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்கள். வெற்றிலைக்காரி அவர் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தாள். படிக்கட்டுச் சுவரில் கரி எழுத்து மறுபடி வந்தது, இந்த முறை கைக்கு எட்டாத உயரத்தில்.

நான் அந்த அம்மாளிடம் நேராகவே கேட்டேன். அவள் முறத்தை நிறுத்தவில்லை.

“உங்க சயா இடுப்புல என்ன இருக்குன்னு குழந்தைக்கும் தெரியும்டா. அதை வச்சிக்கிட்டு தினம் இன்சீன்ல ரயிலேறி வர்றாரு. வழியில எத்தனை இடத்துல நிறுத்திச் சோதிக்கிறாங்க? எங்க பிள்ளைங்களோட செருப்பைக்கூடக் கழற்றிப் பார்க்கிறாங்க. அவரை மட்டும் எவனும் தொடலியே, அது எப்படி? அதைக் கொடுத்தவனே சாவடியில காவல் நின்னா எதுக்குத் தொடணும்?”

கூரைப் பணத்தில் வாங்கியது என்று சொல்ல முடியாது. சொன்னாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். அதைவிட மோசம், அவள் கேட்ட கேள்வி எனக்குள்ளேயும் இறங்கிவிட்டது. உண்மையில் அவரை ஏன் யாரும் தொடவில்லை? கிழட்டுக் காலாகாரன் என்று விட்டிருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படித்தானா?

மாடியில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியிடம் அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

“அப்ப, என்னைச் சுட வர்றவனுக்கு நானே அடையாளம் கட்டிக்கிட்டு நடக்கிறேன்” என்றார். பிறகு, “நீ என்ன நினைக்கிறே?” என்று கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது மேஸ்திரி” என்றேன். அது பொய் இல்லை. அவர் விரும்பிய பதிலும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க லான்மடாவுக்குப் போனார். மெஷின்காரரின் கடை சாத்தியிருந்தது. பக்கத்துக் கடைக்காரன் அங்கே அப்படி ஒரு கடை இருந்ததையே மறந்தவன்போல் பேசினானாம். அங்கிருந்து படகுத்துறைக்குப் போய், ஆற்றைக் கடக்கும் படகில் ஏறி, வெறும் கையோடு திரும்பி வந்ததாகச் சொன்னார். நான் கூடப் போகவில்லை.

அன்றைய முதல் லாரி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவர் முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். சட்டையைக் கழற்றினார். எல்லார் முன்னாலும் பெல்ட்டை அவிழ்த்து, மூன்று பைகளின் பொத்தான்களையும் திறந்து, தலைகீழாகப் பிடித்து உதறி, தராசுத் தட்டின் மேல் போட்டார். ஒரு வெற்றிலைக் காம்பு விழுந்தது. பிறகு கைலியை அவிழ்த்து, இரண்டு கையும் போகிற தூரம் விரித்தார். உள்ளே கட்டம் போட்ட அரைக்கால் சட்டை, வயிற்றில் பெல்ட் அழுத்திய சிவந்த தடம், வேறொன்றும் இல்லை. படார் என்று ஒரு உதறு. படார் என்று இன்னொன்று. வழக்கத்துக்கு மாறாக மூன்றாவதும் உதறினார்.

முற்றத்தில் யாரும் அசையவில்லை. யார் முதலில் எழுந்திருப்பது என்பதில் அவர் உயிர் இருந்தது. யாரும் எழுந்திருக்காவிட்டால் அன்று மாலை ரயிலேற அவர் உயிரோடு இருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அந்த அம்மாள் முறத்தைத் தட்டினாள். “போதும் மூடுங்க சயா, புதுசா ஒண்ணும் இல்ல, இதுக்காகவா இத்தனை நாள் காக்க வச்சீங்க!” என்றாள். ஒரு பெண் தோள் துண்டை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். மூட்டை தூக்குகிறவன் ஒருவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தான். பிறகு எல்லாரும் எழுந்தார்கள்.

சுவரில் அந்தச் சொல் அதற்குப் பிறகு வரவில்லை. அவர்கள் நம்பினார்களா, அல்லது இனி பயப்பட ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்களா, எனக்குத் தெரியாது. பிடித்துக்கொண்டு போன இருவரைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. அந்த அறையை யார் சொன்னார்கள் என்பதும் தெரியவில்லை. மழைக்காலம் முடிந்ததும் மேஸ்திரி மகள் வீட்டோடு போய்விட்டார், தெற்கே. போகும்போது பெல்ட்டை என்னிடம் போட்டார். “வச்சிக்க. வெறும் பெல்ட்டுதான்” என்றார். நான் அதைக் கையில் வாங்கியதும் முதலில் வலது பையை அமுக்கிப் பார்த்தேன். அவர் அதைப் பார்த்தார்.

அந்தத் துப்பாக்கி சுட்டிருக்குமா என்று இன்றுவரை தெரியாது. ஆற்றில்தான் போட்டாரா என்றும் தெரியாது. தெருவில் நடக்கும்போது ஆண்களின் இடுப்பைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வெகுநேரம் கைலியை அவிழ்த்துக் கட்டாமல் நிற்கிறவனைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். நேற்று பக்கத்து அறைக்குப் புதிதாக வந்தவர் தீப்பெட்டி கேட்டு வந்தார். கதவுக்குப் பின்னால் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தார், புடைத்த பையைப் பார்த்தார், பிறகு என் இடுப்பைப் பார்த்தார். நான் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்று, அவர் கண் முன்னால், கைலியை அவிழ்த்து நன்றாக விரித்து, இரண்டு முறை உதறிக் கட்டிக்கொண்டேன்.