கழுதைப் போர்வையும் காலங்குலமும்

செய்தி வந்தபோது நான் பல் மருத்துவரின் கதிரையில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தேன். கீழ்த்தாடையின் இடப்பக்கம் முழுவதும் ஊசியால் விறைத்துப் போயிருந்தது. மடியில் கிடந்த கைப்பேசி ஒலித்தது. மருத்துவரின் உதவிப்பெண் அதை எடுத்து என் காதோடு பிடித்தார். அழைத்தவர் பேசாலை ரீற்றா, நம் தையற் குழுவில் துணி வெட்டித் தைப்பவர்.

"ஐயா, எங்கட ஜெஸீமா அக்கா மௌத்தாப் போயிட்டா. விடியக் காலமை நெஞ்சு நோகுதெண்டவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதலே முடிஞ்சுது. ஐயா? கேக்குதோ?"

"உம்" என்றேன்.

"மத்தியானம், ளுஹர்த் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம். வாறியளோ?"

மறுபடியும் "உம்" என்றேன். கத்தோலிக்கரான ரீற்றா, சாவைச் சொல்ல ஜெஸீமாவின் வீட்டுச் சொல்லையே எடுத்திருந்தார் என்பது மறுநாள்தான் எனக்கு உறைத்தது. மருத்துவர் தம் வேலையை முடித்தார். கிண்ணத்தில் குருதி தெரிந்தது. வலி தெரியவில்லை.

எருக்கலம்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது தொழுகை முடிந்து உடலைத் தூக்கிவிட்டார்கள். ஆண்களின் வரிசையில் கடைசி ஆளாக நடந்தேன். மன்னாரில் எந்தச் சாவீட்டிலும் என்னை முன்னுக்கு அழைத்து இரண்டு சொல் பேசச் சொல்வார்கள். அந்த இரண்டு சொல் அரை மணி நேரம் நீளும். இங்கே எவரும் அழைக்கவில்லை. அது அவர்கள் முறையன்று. மண் இட்டார்கள், கையேந்தி வேண்டினார்கள், கலைந்தார்கள். நானும் மூன்று கைப்பிடி மண் இட்டேன். அழைத்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று திரும்பும் வழியில் எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மாலையில் தாடையின் விறைப்பு நீங்கியது. பிறகும் ஒன்றும் வரவில்லை.

இந்த நினைவு மலரை விரிக்கும் உங்களில் பலர் ஜெஸீமாவோடு ஒரே மேசையில் துணி வெட்டியவர்கள். அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சில வரிகள்: எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். இருபத்திரண்டு அகவையில் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. புத்தளத்தில் நீர்ப்பாசன அலுவலகமொன்றில் படவரைஞராக இருந்தார். வாய்க்கால்களையும் மதகுகளையும் முதலில் கையாலும் பின்னர்க் கணினியிலும் வரைந்தவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் பழைய மடிக்கணினி ஒன்றில் போர்வைகளை வரையத் தொடங்கினார். ஆடைத் தொழிலகம் கழித்த துண்டுத் துணிகளைத் தைத்து இணைக்கும் ஒட்டுப் போர்வைகள் அவை.

நான் அவரிடம் முதன்முதலில் போனது எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு மேடைத்திரை கேட்டு. தாமரையும் குத்துவிளக்கும் வேண்டும் என்றேன். அவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

"ஐயா, இதில எத்தினை கழுதை தெரியுது?"

மன்னார்த் தெருவில் நாள்தோறும் வழி மறிக்கும் அதே கழுதைகள். மண்ணிறம். எண்ணிவிட்டு ஆறு என்றேன்.

"பன்னிரண்டு. நடுவில கிடக்கிற வெள்ளையையும் பாருங்கோ."

பார்த்தேன். கழுதைக்கும் கழுதைக்கும் இடையே வெற்றிடம் என்று நான் நினைத்தது, எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும் இன்னொரு கழுதை. காதும் வாலும் குளம்பும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி, ஊசிமுனை புகவும் இடமின்றித் திரை நிறைந்திருந்தது.

"மேடைக்கு முன்னால வந்து குந்துறவை கணக்கில சேரேல்லயோ அக்கா?" என்றார் தையற்பொறியில் இருந்த ரீற்றா. "ஐயாட கூட்டத்துக்குப் பன்னிரண்டு காணாது."

நான் சினந்து எழுந்திருக்க வேண்டியவன். சிரித்துவிட்டேன். தாமரைத் திரையை வேறிடத்தில் செய்வித்தேன். கழுதைகளைப் பார்க்க மட்டும் அடிக்கடி போனேன்.

அந்தப் போர்வைக்கு அவர் எட்டு மாதம் எடுத்தார். வேலை எளியதாகத்தான் தொடங்கும். ஒரு சதுரத்தை வரைவார். அதன் இடப்பக்கத்தில் ஒரு துண்டைக் கத்தரித்து வலப்பக்கத்தில் ஒட்டுவார். மேலே எடுத்ததைக் கீழே சேர்ப்பார். எடுத்தது எங்கேனும் ஓரிடத்தில் திரும்ப வைக்கப்பட்டாக வேண்டும் என்பது மட்டுமே விதி. மென்பொருள் அந்த ஒன்றைத் திரை முழுவதும் பரப்பிக் காட்டும். இடர் காதில் இருந்தது. கழுதைக்குத் தகுந்த நீளத்தில் காதை இழுத்தால், மேலே நிற்கும் வெள்ளைக் கழுதையின் வயிறு கிழிந்தது. வயிற்றைச் சரிசெய்தால் காது பூனையின் காதாயிற்று.

"ஒண்டின்ர காதை இழுத்தா எல்லாத்தின்ர காதும் இழுபடுது, பாத்தியளோ?" என்பார். "கம்பியூட்டருக்குக் கழுதை தெரியாது ஐயா. இடம் நிரம்பினா அதுக்குப் போதும். கழுதை மாதிரி இருக்கோ இல்லையோ எண்டு நான்தான் பாக்கோணும்."

இத்தகைய வடிவத்துக்குத் தூய தமிழில் பெயர் வேண்டுமென்று நான் 'இடையிலா நிரப்பணி' என்று ஒரு சொல்லைப் புனைந்து கொண்டு போனேன். ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. பேரைப் பிறகு வைப்பம், முதல்ல காது வரட்டும்" என்றார். காதோடு மல்லுக்கட்டிய ஒன்பதாம் நாள், வாலைச் சற்று மடித்ததில் காதுக்கு இடம் கிடைத்தது. அன்று அவர் எல்லோருக்கும் தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பம் கொடுத்தார். கழுதைக்கு வால் எதற்கு என்பது இப்போதுதான் விளங்கியது என்றார் ரீற்றா.

போர்வை முடிந்ததும் நகர மண்டபத்தில் காட்சிக்கு வைத்தார்கள். திறந்து வைத்துப் பேசியவன் நான். என் பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பேசாலையும் எருக்கலம்பிட்டியும் இலுப்பைக்கடவையும் என நம் மூன்று ஊர்களும் இப்போர்வையில் இடைவெளியின்றி இணைந்தன என்றேன். நம் மக்கள் ஒருவரோடொருவர் எதுவும் இழக்காமல் பொருந்துகிறார்கள் என்றேன். கைதட்டல் நீண்டது. இறங்கி வந்தபோது ஜெஸீமா ஒரு மட்டையைக் கையில் தந்தார். துணி வெட்டப் பயன்படும் கழுதை அச்சு. அதில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று விளிம்பு. மற்றது அதற்குக் காலங்குலம் உள்ளே, புள்ளிக்கோடு.

"ஐயா சொன்னது திரையில சரி. துணியில சரியில்ல" என்றார். "வெளிக்கோட்டில வெட்டோணும். உள்கோட்டில தைக்கோணும். ஒவ்வொரு துண்டும் சுத்திவரக் கால் இஞ்சி விட்டுக் குடுக்குது. அது மடிஞ்சு பின்பக்கம் போயிடும், ஆருக்கும் தெரியாது. ஆனா அது இல்லாட்டிப் போர்வை நிக்காது, பிரிஞ்சு போம். இழக்காமப் பொருந்திறதெண்டு துணியில இல்ல."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. வாய்க்காலின் அளவு பிழைத்ததைப் பொறியியலாளருக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். மறுநாள் முற்பகல் அவர் வீட்டுக்குப் போனேன். ரீற்றாவும் அங்கே தைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் எதை விட்டுக் கொடுத்தீர்கள் தங்கச்சி என்று நானே கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"வீட்டை விடுங்கோ, எல்லாரும்தான் விட்டது. நான் ஒண்டு கேக்கட்டோ ஐயா? அந்தக் கிழமை நீங்கள் எங்க இருந்தனீங்கள்?"

அந்தக் கிழமை என்றால் எதுவென்று உங்களுக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டில், தமிழின் பெயரால் துப்பாக்கி ஏந்தியவர்கள் வடக்கின் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்ன வாரம்.

"அதுக்கு முந்தி உங்கட குரல் எங்கட ஊருக்குக் கேக்கும். ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வருவியள். எங்கட வாப்பாவுக்கு உங்கட தமிழெண்டா உயிர். கடற்கரையில வள்ளத்துக்கு நிக்கேக்குள்ள, தலையில மூட்டையோட, திரும்பித் திரும்பி றோட்டைப் பாத்தார். 'அந்தப் பேச்சுக்காரத் தம்பிக்குத் தெரியாது போல. தெரிஞ்சா வந்து ரெண்டு சொல்லுச் சொல்லுவார்' எண்டார். வள்ளம் வெளிக்கிட்ட பிறகும் பாத்தார்."

ரீற்றாவின் தையற்பொறி நின்றது.

"உங்களுக்குத் தெரியாதோ ஐயா?" என்றார் ஜெஸீமா.

தெரியும் என்றேன்.

ஜெஸீமா தலையாட்டினார். அவ்வளவுதான். மடிக்கணினியைத் திறந்து அடுத்த வடிவத்தில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். திரையில் இருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "வாப்பா புத்தளத்திலதான் மௌத்தானவர். கடைசி மட்டும் உங்களில பிழை சொல்லேல்ல. தெரிஞ்சும் பேசேல்ல எண்டதை மேடையில நீங்கள் ஒருக்காச் சொன்னாப் போதும். எனக்கெண்டு இல்ல. அவர் பாத்துக்கொண்டு நிண்டவர்."

வரும் ஆண்டு விழாவில் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

விழா நாளில் அவர் மூன்றாம் வரிசையில் இருந்தார். கழுதைப் போர்வை மடியில் மடிந்திருந்தது. ரீற்றா பக்கத்தில். முன்வரிசையில் முப்பத்தைந்து ஆண்டுகளாக என்னோடு மேடையேறியவர்கள். நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். வழக்கமான தொடக்கம். சொல்ல வேண்டியது நாவின் நுனியில் இருந்தது. அதற்கு முன் கடலைப் பற்றி ஒரு வரி சொன்னேன், கைதட்டல் வந்தது. நான் கைதட்டலின் பின்னால் போனேன். நாற்பது மணித்துளி போனேன். மீனவர் வலைகளைப் பற்றி, மொழியுரிமையைப் பற்றி, எல்லாம் உண்மை, எல்லாம் முன்னரும் சொன்னவை. மூன்றாம் வரிசையைப் பாராமல் பேசி முடித்தேன்.

வெளியே வந்ததும் ரீற்றாதான் முதலில் பிடித்தார். "நல்ல பஸ் ஐயா. எல்லா இடத்திலயும் நிப்பாட்டினியள். நாங்கள் இறங்கிற இடத்தில மட்டும் நிப்பாட்டேல்ல."

"விடு ரீற்றா" என்றார் ஜெஸீமா. "தொண்டை காஞ்சு போச்சு ஐயாவுக்கு. போய் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடு."

அந்தத் தேநீரை நான் குடித்தேன். அடுத்த ஆண்டு சொல்லலாம் என்று எண்ணியதும் அப்போதுதான். ஜெஸீமா என்னைவிடப் பன்னிரண்டு அகவை இளையவர். முந்திப் போகிறவன் நானென்றே கணக்கிட்டிருந்தேன்.

இம்மலருக்கென்று உட்கார்ந்தபோது, இரங்கலுரைகளில் நான் வழக்கமாக அடுக்கும் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். இடம் நிரம்பியது, ஜெஸீமா போல இல்லை. அடித்துவிட்டேன். மிஞ்சியது இது: அந்தக் கிழமை நான் மன்னாரில்தான் இருந்தேன். எனக்குத் தெரிந்திருந்தது. என் குரலும் நன்றாகத்தான் இருந்தது. அஞ்சினேன், பேசவில்லை. பின்னர் அச்சம் போனது, அப்போதும் பேசவில்லை. வள்ளக்கரையில் றோட்டைப் பார்த்து நின்ற அந்தப் பெரியவருக்கும் அவர் மகளுக்கும் நான் சொல்ல வேண்டியிருந்த இரண்டு சொல், 'போகச் சொன்னது பிழை' என்பதும், 'பேசாமல் இருந்தது என் பிழை' என்பதும்.

எழுதியதை நேற்று ரீற்றாவுக்கு வாசித்துக் காட்டினேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"தாளில எழுதுறது லேசு ஐயா. மைக்கில சொல்லுவியளோ?"

"சொல்லுவன்."

"போன முறையும் இப்பிடித்தான் சொன்னனீங்கள்."

"ஓம்."

"நான் வருவன். அதே மூண்டாம் வரிசை. பக்கத்துக் கதிரையில போர்வையை வைப்பன், ஒருத்தரும் இருக்கேலாது. நீங்கள் சொல்லி முடிச்சாத்தான் எடுப்பன்."

விழாவுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. ஜெஸீமாவின் மடிக்கணினி குழுவிடம் உள்ளது, போர்வை ரீற்றாவிடம். என்னிடம் இருப்பது அவர் தந்த அந்த மட்டை, இரண்டு கோடு போட்ட ஒற்றைக் கழுதை. இத்தனை நாள் இழுப்பறையில் கிடந்தது. இப்போது சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வெளியே போகிறேன். பை அதற்குச் சிறிது. காது வெளியே தெரிகிறது.