இசபெல்லா ஜெர்மன் பேசிய நாற்பது நாள்

என் தங்கை இசபெல்லா 1969 ஏப்ரல் கடைசியில் ஜெர்மன் தேர்வில் தோற்று எங்கள் ஊரான கம்பைநல்லூருக்கு வந்தாள். ஜெர்மனியில் நர்சிங் படிக்க ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்து, சேலத்துக் கன்னியர் மடத்தில் மொழி கற்பித்திருந்தார்கள். நாற்பது நாளில் மறுதேர்வு. அதிலும் தவறினால் பயணம் இல்லை.

இலக்கண விதிகளை அவள் வாய்ப்பாடுபோல ஒப்பிப்பாள். ஆனால் தேர்வில், "உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று சிஸ்டர் கேட்டதும், எந்த விதி என்று தேடியபடி நின்றுவிட்டாளாம்.

அப்போது விதைக்கடலை உரிக்கும் சமயம். உரித்தபடியே நான் தமிழில் கேட்பேன். அடுத்த கடலையை எடுப்பதற்குள் அவள் ஜெர்மனில் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள், "பால் யாருடி கறந்தா?" என்றேன். சொன்னாள்.

"நேத்து இதுக்குக் கடைசில வேற மாதிரி முடிச்சியேடி?"

"அஞ்சாவது படிச்ச உனக்கு என்னாக்கா தெரியும்?"

"ஜெர்மன் தெரியாது. காது நல்லாக் கேக்குது."

முணுமுணுத்துக்கொண்டே புத்தகத்தைத் திறந்தாள். நேற்றுச் சொன்னதுதான் சரி.

அன்று முதல் அதுவே முறையாயிற்று. முதலில் பேச வேண்டும். பிறகுதான் புத்தகம். திருத்திய வாக்கியத்தில் அப்பா, அம்மா, மாடு என ஆளை மாற்றிப் பத்து முறை சொல்ல வேண்டும். பிழைக்கு ஒரு கோடு வீதம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தேதி போட்டுக் குறித்தேன். குறித்த முதல் நாள் முப்பத்தொன்று. முப்பத்தெட்டாம் நாள் நான்கு.

அம்மா சிரித்தார். "மாட்டுக்கே செர்மன் வந்துரும் போல. கடலை எத்தினி படி உரிச்சீங்க?"

ஜூன் ஒன்பதாம் தேதி சேலத்துக்கு நானே கூட்டிப்போனேன். சன்னலுக்கு வெளியே நின்றேன். இரண்டாவது கேள்விக்கே தப்பாக முடித்துவிட்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் நிற்கவில்லை. அதே வாக்கியத்தைத் திருத்திச் சொல்லிவிட்டு, அப்பா யாகப்பன், மாடு, கடலை என்று எங்கள் குடும்பத்தையே அந்த அறைக்குள் கொண்டுவந்துவிட்டாள். சிஸ்டர் சிரிப்பது கேட்டது.

ஆறு பேரில் முதல் மதிப்பெண் அவளுக்கு. ஆகஸ்டில் விமானம் ஏறினாள். 1974இல், அங்கே அவள் வேலை பார்த்த மருத்துவமனைக்குப் புதிதாகப் போன நம் பெண்களுக்கு மொழி கற்பிக்கும் வேலையை அவளிடமே கொடுத்தார்கள்.