பழைய போர்டுக்குப் பொருந்தும் கடைசி சிப்

அண்ணனுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, அறுவை சிகிச்சை செய்தும் பயனில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, சிங்கப்பூர் சுவா சூ காங் வட்டாரத்து வீட்டைவிட்டு அவர் வெளியே போவதே அரிதாகிவிட்டது. மாலை ஐந்து மணிக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கார் பந்தய விளையாட்டில் உட்கார்ந்துவிடுவார். மலேசியாவில், ஜோகூரில் இருவர், ஈப்போவில் ஒருவர் என்று நேரில் பார்த்தே இராத மூன்று கூட்டாளிகள். என்னிடமும் அண்ணியிடமும் முணுமுணுப்பவர் அவர்களிடம் மட்டும் வாய் ஓயாமல் கத்துவார். எனக்கு அது பொறாமையாகத்தான் இருந்தது.

போன வருடம் அந்தக் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. வளைவில் படம் நின்றுவிடும். மறுபடி ஓடும்போது அவர் கார் சுவரில் மோதிக் கிடக்கும். மதர்போர்டில் இருக்கும் பிராசசர் சிப்பை மாற்ற வேண்டும் என்றார். நான் இரண்டு நாள் இணையத்தில் மேய்ந்து மேதாவியாகிவிட்டேன்.

"அண்ணே, போர்டு, மெமரி எல்லாத்தையும் சேர்த்து மாத்திடலாம். ஏழெட்டு வருஷத்துக்குக் கவலையில்ல."

"ஏழெட்டு வருஷம் யாருக்குலா? இந்தப் பழைய போர்டுல உட்கார்ற கடைசி சிப்பு எதுவோ அதை வாங்கிட்டு வா. போதும்."



சிப்பை வாங்கி வந்த சனிக்கிழமை, குளிக்கப் போகும் முன் தெளிவாகச் சொன்னார்: "முதல்ல போர்டுக்கு அப்டேட் போடு, அப்பதான் புது சிப்பை அதுக்கு அடையாளம் தெரியும். அப்புறம் கொஞ்ச நேரம் கேமை ஓட விட்டு, சூடா இருக்கும்போதே கழட்டு. கூலர் பசை காஞ்சு கிடக்கும், சூட்டுலதான் இளகும்."

எனக்கோ மதியம் சிராங்கூன் சாலையில் ஒரு நிச்சயதார்த்தம். ஏற்கெனவே தாமதம். நோயாளிகளுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டு, அப்டேட்டும் போடாமல், சூடாக்கவும் செய்யாமல் சிப்பைக் குளிர்விக்க அதன் மேல் ஒட்டியிருந்த கூலரைப் பிடித்து இழுத்தேன். காய்ந்த பசையில் ஒட்டிக்கொண்டு பழைய சிப்பும் பெயர்ந்து வந்தது. அடியிலிருந்த ஊசிகள் ஒரு வரிசை முழுக்க மடங்கியிருந்தன. நிமிர்த்தப் பார்த்தேன், இரண்டு ஒடிந்து கையோடு வந்தன. புது சிப்பைப் போட்டால் விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. அப்டேட் போடப் பழைய சிப் வேண்டும். அதைத்தான் நான் கொன்றுவிட்டிருந்தேன்.

அண்ணன் துண்டோடு வந்து பார்த்தார். "சொன்னேன்ல" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"அடுத்த சனிக்கிழமை கடைக்கு எடுத்துட்டுப் போறேண்ணே."

"சரி."

நான் நிச்சயதார்த்தத்துக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டேன். அந்த வாரம் எந்த நாளும் வேலை முடிந்து கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அலுப்பாக இருந்தது. வியாழக்கிழமை அவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை காலை இறந்துவிட்டார்.

கருமாதி முடிந்த பிறகு போர்டைக் கடைக்குக் கொண்டுபோனேன். அவர்களிடமிருந்த வேறொரு பழைய சிப்பைப் போட்டு அப்டேட் செய்துகொடுத்தார்கள், பதினைந்து நிமிட வேலை. வீட்டில் கம்ப்யூட்டரில் பொருத்தி, அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து விளையாட்டை ஓடவிட்டேன். கார் வளைவில் நிற்காமல், திணறாமல் ஓடியது. அதைப் பார்க்கப் பார்க்க வெறுப்பாக இருந்தது. விளையாட்டை மூடினால் கூட்டாளிகளின் செய்திகள் குவிந்து கிடந்தன. புது சிப் எப்படி இருக்கு? ஏன் ஆளையே காணோம்? எங்க மேல கோபமா?

அவர் இறந்துவிட்டார், நான் தம்பி என்று எழுதினேன். ஈப்போக்காரர் கேட்டார்: "கடைசி வாரம் வரவே இல்லையே. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா?"

"இல்லை. அவசரப்பட்டு நான்தான் உடைத்தேன். சரிசெய்யாமல் ஒரு வாரம் போட்டு வைத்தேன்" என்று அனுப்பினேன்.

அண்ணி என் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"கடைக்காரன் கொடுத்த சிப்பு சரியில்லன்னுதானே அவர் எங்கிட்ட சொன்னாரு?" என்றார்.