எதிரே வருகிறாள் செல்வி

போன வாரம் போடியில் ஒரு வளைகாப்பு. எங்கள் எதிர் வீட்டுச் சுந்தரம் அண்ணன் ஏலக்காய் வியாபாரி. ஏலம் நடக்கிற நாளில் காரில் போடிக்குப் போகிறவர். ‘போற வழிதானம்மா, எறக்கி விட்டுர்றேன்’ என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். பஸ்ஸில் பட்டுப்புடவை கசங்க வேண்டாமே என்று நானும் சரி சொன்னேன்.

காலையில் போனால்... கார் தயார். அண்ணனும் தயார். நெற்றியில் விபூதி, கையில் சாவி. ஆனால் மனிதர் ஹாலை விட்டு நகரவில்லை. போனையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“என்னாண்ணே, யாராச்சும் போன் பண்ணணுமா?”

அவர் மனைவி மல்லிகா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“செத்த உக்காருங்க மதினி. அந்தப் பிள்ள இன்னும் போகல. வண்டியத் தொடச்சுக்கிட்டு நிக்கிது. அது போனதும் இவுக கிளம்பிருவாக.”

எந்தப் பிள்ளை? எழுந்து போய் அண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். போனில் எங்கள் தெரு தெரிகிறது. அவர்கள் வீட்டு கேட் தூணில் மாட்டியிருக்கிற கேமரா காட்டுகிற படம். அதில் செல்வி. என் வீட்டுக்கு அடுத்த வீடு. ஸ்கூட்டி சீட்டைத் துணியால் துடைக்கிறாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கிறாள். நடுநடுவே தலையைத் தூக்கி இந்த கேட்டைப் பார்க்கிறாள், பக்கத்து கேட்டைப் பார்க்கிறாள். யாராவது வந்தால் சிரிக்கலாம் என்று பாதிச் சிரிப்போடு நிற்கிற முகம். யாரும் வரவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

“ம்... போயிருச்சு. வாம்மா, நேரமாச்சு” என்றார் அண்ணன்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் உச்சி வரைக்கும் எரிந்தது பாருங்கள்!

செல்வியின் புருஷன் போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். மகள் கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள். செல்வி தேனியில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். காலையில் அவள் கிளம்புகிற நேரமும் தெருவில் மற்றவர்கள் கிளம்புகிற நேரமும் ஒன்று. தாலி இழந்தவள் எதிரே வந்தால் போன காரியம் விளங்காதாம். அதனால் கேமராவில் பார்த்து, லைன் கிளியர் ஆனபிறகு கேட்டைத் திறக்கிறார்கள். திருடனைப் பிடிக்க வாங்கிய கேமரா சார் அது! பக்கத்துத் தெருவில் நகை போனபோது பயந்துபோய் மாட்டியது. இப்போது அதில் யாரைப் பிடிக்கிறார்கள் பாருங்கள்.

இதே செல்வி இதற்கு முன் எப்படி இருந்தாள் தெரியுமா? பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருவுக்குப் பொழுது விடிவதே அவள் குரலில்தான். “மதினி, என்னா கொழம்பு? தெரு முனை வரைக்கும் மணக்குது!” என்பாள் மல்லிகாவிடம். “அண்ணே, ஏலக்கா வெல ஏறிருச்சாம்ல? எங்களுக்கு ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுங்க” என்பாள் சுந்தரம் அண்ணனிடம். அவரும் சிரித்துக்கொண்டேதான் காரை எடுப்பார். அப்போது அவள் எதிரே வந்தால் காரியம் விளங்கியதா? விளங்கியது. நெற்றிப் பொட்டு சின்னதானதும் விளங்காமல் போய்விட்டதா? இது எந்த ஊர்க் கணக்கு?

நான் வீட்டிலிருந்தே எழுதுகிறவள். காலையில் கிளம்புகிற வேலை கிடையாது. அதனால்தான் இந்தக் கூத்து இத்தனை மாதமாக என் கண்ணில் படவில்லை.

காரில் ஏறினேன். ஏறாமல் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் காருக்குள் என்றால் அவரால் எழுந்து போக முடியாதல்லவா? போடி ரோடு பிரிகிற விலக்கு தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

“ஏண்ணே, அந்தப் பிள்ள ஒங்களுக்கு என்னா பாவம் பண்ணுச்சு?”

“பாவம்லாம் இல்லம்மா. தங்கமான பிள்ள. ஆனா ஒருநா கிளம்பையில நேரா எதுத்தாப்ல வந்துருச்சு. அன்னைக்கு ஏலத்துல வெல சரிஞ்சு போச்சு. கையில சரக்க வச்சுக்கிட்டு முழிச்சேன்.”

“அன்னைக்கு ஒங்க ஒருத்தருக்கு மட்டுமா வெல சரிஞ்சுச்சு?”

“எல்லாருக்குந்தான்...”

“குமுளிப் பக்கத்துல தோட்டம் வச்சிருக்க மலையாளத்து ஆளுக்கும் சரிஞ்சுச்சுல்ல? அங்கனயும் போயி நம்ம செல்விதான் எதுத்தாப்ல நின்னாளா? ஸ்கூட்டியிலயா மலையேறுனா?”

அண்ணன் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார். அதுதான் பதில்.

இதில் எனக்கு ஆத்திரம் ஏன் ஆறவில்லை என்றால்... இவர்கள் கெட்டவர்கள் இல்லை. செல்வி வீட்டில் சாவு விழுந்தபோது ஆம்புலன்ஸைத் தேடி ஓடியவர் இந்தச் சுந்தரம் அண்ணன்தான். மல்லிகா ராத்திரி ராத்திரியாக அவளோடு படுத்துக் கிடந்தாள். அவள் வாயில் சோற்றை ஊட்டியதை நானே பார்த்தேன். கட்டிப் பிடித்து அழுதவர்களுக்கு, ‘என்னம்மா, கிளம்பிட்டியா’ என்று ஒரு வார்த்தை கேட்க மட்டும் ஏன் மனசு வரவில்லை? அழுதால் கூடவே நிற்பார்களாம். சிரித்தால் கேட்டைச் சாத்திக்கொள்வார்களாம். என்ன ஜென்மங்களோ!

அதற்கப்புறம் நானும் காலையில் வாசலில் நின்று கவனித்தேன். அண்ணன் வீடு மட்டும் இல்லை. முனை வீட்டு இன்ஜினியர், கதவை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சாத்துகிறார். டிகிரி வாங்கியவர். பக்கத்தில் ஒரு டீச்சரம்மா, செல்வியைப் பார்த்ததும் எதையோ மறந்ததுபோல் உள்ளே திரும்பிப் போகிறார். தினமும் என்னத்தை அம்மா மறக்கிறீர்கள்?

ஒருநாள் சாயங்காலம் செல்வி என் வீட்டுக்கு வந்தாள். காபி கொடுத்தேன். டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, வீட்ட வாடகைக்கு விட்டுட்டு சின்னமனூர்ல தம்பி வீட்டுப் பக்கம் போயிரலாம்னு இருக்கேன்.”

“ஏன்டி? பிள்ள லீவுக்கு வந்தா எங்கன வரும்? இது ஒம் புருஷன் பாத்துப் பாத்துக் கட்டுன வீடுல்ல?”

“அதேன் எனக்கும் மனசு வரல. ஆனா... நான் யாரையும் எதும் தப்பா பேசிட்டனாக்கா? எல்லாரும் மொகம் குடுக்க மாட்டேங்கிறாக. மல்லிகா மதினிகிட்ட நேர்ல கேக்கவும் பயமா இருக்கு. கடையில அம்புட்டுப் பேரு மருந்து வாங்க வாராக, சிரிச்சுப் பேசுறாக. நம்ம தெருவுலதான் நான் யாரோ மாதிரி இருக்கேன்.”

பக்கத்து அறையிலிருந்து என் வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார். சொல்லாதே என்று அர்த்தம். நாளைப் பின்னே அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டாமா என்பது அவர் கட்சி. இவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறவர்கள் முகத்தில் நான் எதற்கு விழிக்க வேண்டும்? தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமலே ஒருத்தி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போவாளா?

சொல்லிவிட்டேன். கேமரா, லைன் கிளியர், ஏலத்தில் விலை சரிந்தது, ஒன்று விடாமல்.

செல்வி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: “அப்ப, நான் தொடச்சுக்கிட்டு நின்னத எல்லாம் தெனமும் பாத்துக்கிட்டா இருந்தாக?”

“ஆமா.”

“நான் அவுக கேட்டையே பாத்துக்கிட்டு நின்னதையும்?”

“ஆமாடி.”

எழுந்து போய்விட்டாள். சொல்லியிருக்கக் கூடாதோ?

மறுநாள் காலை, வாசலில் நின்றேன். செல்வி ஸ்கூட்டியை வெளியே எடுத்தாள். சீட்டைத் துடைக்கவில்லை. வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு நேராக எதிர் வீட்டு கேட்டுக்குப் போனாள். அந்தக் கேமராவில் பேசவும் முடியும், கேட்கவும் முடியும். கூரியர்காரர் வந்தால் மல்லிகா உள்ளே இருந்தே ‘அங்கன வச்சுட்டுப் போங்க’ என்பாள். செல்வி அதற்கு எதிரே நின்று முகத்தை நிமிர்த்தினாள்.

“அண்ணே, வணக்கம். நல்லா இருக்கீகளா? நாந்தேன் செல்வி.”

தெரு முழுக்கக் கேட்டது. இன்ஜினியர் வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்தது.

“நான் வீட்டக் காலி பண்ணப் போறதில்லண்ணே. தெனமும் இந்நேரந்தான் கிளம்புவேன். ஒங்களப் பாத்தா வணக்கம் சொல்லுவேன். அத முன்கூட்டியே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவள் நகரவில்லை. பேசு மனுசா, ஒரு வார்த்தை பேசு! கடைசியில் கேமராவிலிருந்து கரகரவென்று ஒரு குரல்.

“வணக்கம்மா... சாப்ட்டியா?”

எனக்கு வந்த கோபத்தில் ஒரு கல்லை எடுத்து அந்தக் கேமராவை உடைத்திருப்பேன். இருபது அடி தூரத்தில் இருக்கிறவளிடம், சாப்பிட்டாயா என்று மிஷினில் கேட்கிறார்! செல்வி மட்டும் நிதானமாகச் சொன்னாள்.

“சாப்ட்டேண்ணே. கேட்டத் தெறந்து கேளுங்க.”

அவருக்கு அன்றைக்குப் போடியில் ஏலம். அவளுக்குக் கடை. இரண்டு பேருமே கிளம்பியாக வேண்டும். அவள் நின்ற இடத்தில் நின்றாள். உள்ளே மல்லிகாவின் குரல் கேட்டது. “போங்கன்னா போங்க! எனக்கே அசிங்கமா இருக்கு.” அப்புறம்தான் தாழ்ப்பாள் சத்தம். சுந்தரம் அண்ணன் சாவியோடு வெளியே வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் செருப்பைப் பார்த்து, “வாரேன்ம்மா” என்றார்.

“போயிட்டு வாங்கண்ணே” என்றாள் செல்வி. நேருக்கு நேர் நின்று.

அன்று ஏலத்தில் என்ன விலை போனது என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டேன். விலை ஏறியிருந்தால் நாளைக்கே அவளை ராசிக்காரி என்று வாசலில் நிறுத்தி வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். அந்த வேலையும் அவளுக்கு வேண்டாம். அவள் பக்கத்து வீட்டுக்காரி, அவ்வளவுதான்!