தொடையில் துடித்த கட்டி

கட்டி கீறுவது என்றால் எங்கள் டிஸ்பென்சரியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராகச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கோயமுத்தூர் ஜில்லாவின் பாதிச் சீழை நானே வெளியேற்றிவிட்டதாக ஒரு நினைப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. ஒரு டாக்டர், நான், அப்புறம் ஈக்கள்.

ஒரு நாள் காலையில் பழனியப்பன் என்ற விவசாயியை அவருடைய மச்சான் மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். இடது தொடையில் தேங்காய் அளவு வீக்கம். சிவந்து, சூடாக இருந்தது. பத்து நாளைக்கு முன் முள் குத்தியது என்றார் பழனியப்பன். மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டருக்குச் சீழ் என்றாலே குமட்டும். நாலடி தள்ளி நின்று மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "ஆப்சஸ்தான், சீழ்க்கட்டி. கீறி விடு" என்றார். கத்தியைக் கொதிநீரிலிருந்து எடுத்தேன். எந்த இடம் இளகியிருக்கிறது என்று பார்க்க விரலை வைத்தேன். விரல் மேலெழும்பி இறங்கியது. மறுபடியும் எழும்பியது.

"சார், இதுல நாடி அடிக்குதுங்க."

"நாடியைக் கையில பாருய்யா. தொடையில உனக்கென்ன வேலை?"

"நீங்களே ஒருக்கா கையை வெச்சுப் பாருங்க."

முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து தொட்டார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். கைக்குட்டை கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. கத்தியைத் தூரப் போடச் சொன்னார்.

அப்புறம்தான் வீக்கத்தின் ஓரத்தில் இருந்த தையல் தழும்பைப் பார்த்தேன். என் தையலைவிட நேர்த்தியாக இருந்தது. மச்சானை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"முள்ளு இல்லீங்க. சேவக்கட்டுல, சேவக் கால்ல கட்டுன கத்தி பாஞ்சுபோச்சு. ரத்தம் பீச்சி அடிச்சுதுங்க. போலீசுக்குப் பயந்து நானே தச்சுப்போட்டேன். சேவலுக்கெல்லாம் நான்தானுங்க தைப்பேன்."

மேல்தோலைத் தைத்துவிட்டார், உள்ளே அறுந்த ரத்தக்குழாயை யார் தைப்பது? வெளியே வர வழியில்லாத ரத்தம் உள்ளேயே தேங்கி உப்பியிருக்கிறது. கீறியிருந்தால் சில நிமிஷங்களில் கதை முடிந்திருக்கும்.

வண்டி குலுங்கும் என்று பஸ்ஸை நிறுத்தி ஏற்றினோம். கட்டி உடைந்தால் உடனே இறுக்குவதற்காகத் தொடைக்கு மேலே ரப்பர் குழாயைத் தளர்வாகச் சுற்றி, அதைப் பிடித்தபடியே டவுன் வரை போனேன். ஒரு ஆம்பளையின் தொடையைப் பிடித்துக்கொண்டு வந்த என்னைப் பற்றி பஸ்ஸில் என்ன நினைத்தார்களோ.

பெரியாஸ்பத்திரியில் சர்ஜன் அறுந்த ரத்தக்குழாயை மேலும் கீழும் கட்டினார். கால் தப்பியது, பாதம் மட்டும் சில்லென்று இருக்கும், கொஞ்சம் நொண்டுவார். ஒரு மாதம் கழித்து வந்த பழனியப்பன், கையை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தீர்களே என்று என்னைக் கும்பிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளம் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வழக்கமாக விரல் வைத்துப் பார்க்கிறவன் இல்லை. வந்த கட்டியை வந்த வேகத்தில் கீறுகிறவன். அன்றைக்கு டாக்டர் பக்கத்தில் நின்றார், விஷயம் தெரிந்தவன் மாதிரி காட்டிக்கொள்ள விரலை வைத்தேன். அவர் காபி குடிக்கப் போயிருந்தால் பழனியப்பனை நான்தான் கொன்றிருப்பேன்.