கங்காணி சொன்னதில் பாதி

போன மாதம் போடியில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் சந்தனம், கற்கண்டு, ஒரு தட்டு நிறைய எலுமிச்சம்பழம். பன்னீர் தெளிக்க நின்ற பெண்கள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், என் கை சும்மா இருக்காமல் மூன்று பழத்தை எடுத்து மாற்றி மாற்றி மேலே போட ஆரம்பித்துவிட்டது. நாலு சுற்று ஒழுங்காகப் போயிற்று. ஐந்தாவதில் ஒன்று சந்தனக் கிண்ணத்தில் விழுந்து மாப்பிள்ளையின் பெரியப்பா சட்டையெல்லாம் சந்தனம். நாற்பதைத் தொடப்போகிறவள் செய்கிற காரியமா என்று என் கணவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள். எங்கே கற்றுக்கொண்டாய் என்றார். சர்க்கஸில் என்றேன். பொய் இல்லை.

படிப்பு முடித்த கையோடு போடியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்விடுவார்கள். போடிமெட்டு வளைவுகளில் இறங்கி அவர்கள் வீடு வந்து சேரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அதுவரை அவர்களுடைய பிள்ளைகள் தெருவில்தான். அந்தப் பிள்ளைகளைச் சேர்த்து, ஏலக்காய் காயவைக்கும் ஒரு பழைய களத்தில் மாலை வகுப்பு நடத்துவது என் வேலை. வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். அது அவர்களுக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை.

அப்போதுதான் ஹன்னா வந்தாள். அயர்லாந்துக்காரி, என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவர்கள் ஊரில் சர்க்கஸ் சொல்லிக்கொடுக்கவே பள்ளிக்கூடம் இருக்கிறதாம். அதில் படித்துவிட்டு, சம்பளம் வாங்காமல் மூன்று மாதம் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வந்திருந்தாள். அவள் பேச்சை மொழிபெயர்க்க நான். முதல் வாரம் அவள் பேசியது எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு எனக்குத் தோன்றியதைப் பிள்ளைகளிடம் சொல்வேன். நல்லவேளை, அவர்கள் அவள் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். அவள் கொண்டுவந்த ஒற்றைச் சக்கர சைக்கிளைப் பஞ்சர் ஒட்டக் கொண்டுபோனபோது, இன்னொரு சக்கரத்தை எங்கே தொலைத்தீர்கள் என்று கடைக்காரர் உண்மையான கவலையோடு விசாரித்தார்.

அவள் பெட்டியில் பன்னிரண்டு பந்துகள் இருந்தன. பிள்ளைகளோ நாற்பது பேர். அம்மாக்கள் சாக்குத் துணியைத் தைத்து, உள்ளே ஏலக்காய்த் தொலியை அடைத்துப் பந்து செய்துகொடுத்தார்கள். களம் முழுக்க அந்த வாசனை பறக்கும். இன்றைக்கும் டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டால் எனக்கு டீ நினைவு வராது, நாற்பது பிள்ளைகளின் வியர்வைதான் நினைவுக்கு வரும். அதனாலேயே எங்கள் வீட்டில் இஞ்சி டீ.

அந்த நாற்பது பேரில் பாண்டிமீனா வேறு மாதிரி. எட்டாம் வகுப்பு. வீட்டில் அவளும் அவள் அம்மா பொன்னுத்தாயியும் மட்டும். மற்றவர்கள் மூன்று பந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் அவள் ஐந்து பந்து போட்டாள். கையைப் பார்க்கவே மாட்டாள், கண் மேலேயே இருக்கும். ஹன்னாவுக்கு அவள் மேல் உயிர். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு என்னிடம் தனியாகச் சொன்னாள்: இவள் படிப்புக்கு எந்த இடைஞ்சல் வந்தாலும் எனக்குச் சொல், என் அம்மாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம், ஆனால் எனக்குத் தெரிந்தால்தானே செய்ய முடியும். அதை நான் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

கடைசியில் ஒரு நிகழ்ச்சி. மதுரையிலிருந்து வரவேண்டிய எங்கள் டைரக்டருக்குப் புதன்கிழமைதான் தோதுப்பட்டது. நிகழ்ச்சி நன்றாக நடந்தால் என் வேலை நிரந்தரம் என்று ஜாடையாகச் சொல்லியிருந்தார்கள். வேலை நாளில் அம்மாக்கள் எப்படி வருவார்கள்? நான் ஒரு யோசனை செய்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும். அவர்களை மலைக்குக் கூட்டிப்போகும் கங்காணியையே சிறப்பு விருந்தினராக அழைத்தேன். பொன்னாடை என்றதும் அவர் அன்றைக்கு ஜீப்பை மதியமே இறக்கிவிட்டார்.

எல்லா அம்மாக்களும் தலையில் கட்டிய துணியோடு அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். பாண்டிமீனா கடைசியாக வந்து ஐந்து பந்தையும் போட்டாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. கங்காணி எழுந்து அவள் பக்கத்தில் போய், அவள் கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொன்னுத்தாயி, ஒம் மக கையி என்னா வெரசா ஓடுது. அடுத்த காய் எடுப்புக்கு இவளையும் கூட்டியா. ஒத்தையா ரெண்டாளு சோலி பாப்பா."

பொன்னுத்தாயி சரி என்றாள். அவர் சொல்லி மறுத்தால் மறுநாள் ஜீப்பில் இடம் இருக்காது. அவர் என்ன சொன்னார் என்று ஹன்னா என்னைக் கேட்டாள். பக்கத்தில் டைரக்டர், எதிரே புகைப்படக்காரர். அவள் கைகள் ரொம்ப வேகம் என்று பாராட்டுகிறார் என்றேன். ஹன்னா சிரித்துக் கைதட்டினாள். களம் முழுக்கக் கைதட்டியது. மறுநாள் அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்துப் பாண்டிமீனா வகுப்புக்கு வராததால் வீட்டுக்குப் போனேன். பொன்னுத்தாயி மட்டும் காய்ச்சலில் படுத்திருந்தாள். மகள் மலைக்குப் போயிருந்தாள்.

"பள்ளிக்கூடம் எங்கிட்டும் ஓடிராது தாயி. இந்த ஒரு எடுப்பு மட்டும் போயிட்டு வரட்டும்."

அவள் நம்பித்தான் சொன்னாள். நானும் நம்புவதுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த ஒரு எடுப்புக்குப் பின்னால் அடுத்த எடுப்பு வந்தது. மீனா எப்படி இருக்கிறாள் என்று ஹன்னா மின்னஞ்சல் எழுதும்போதெல்லாம், நன்றாக இருக்கிறாள், பந்து போடுகிறாள் என்று பதில் போட்டேன். எழுதித் திருத்தி, இலக்கணப் பிழையில்லாமல்தான் அனுப்பினேன். வேலை நிரந்தரமான பிறகு உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முதலில் சொல்லாததை அப்புறம் எப்படிச் சொல்வது என்ற வெட்கம்தான். பிறகு அவள் எழுதுவதும் குறைந்து நின்றுபோயிற்று.

பல வருஷம் கழித்து ஒரு நாள், மதுரை பஸ்சுக்காக விடியற்காலையில் காத்திருந்தபோது பாண்டிமீனாவைப் பார்த்தேன். தூக்குச்சட்டியும் கையுமாக ஜீப்புக்கு நின்றாள். கட்டைவிரல் இரண்டும் வீங்கி, மடங்காமல் இருந்தன. எத்தனை பிள்ளைகள், அம்மா சுகமா என்று நான் எதை எதையோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கங்காணி சொன்னதுக்கு அந்தக்கா சிரிச்சுச்சுல்ல. அப்பவே தெரிஞ்சுச்சு, நீங்க முழுசும் சொல்லலன்னு. சொல்லிருந்தா எதாச்சும் பண்ணிருக்குமாக்கா?"

"என்ன பண்ணிருக்க முடியும் மீனா?" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்" என்றாள். ஜீப் வந்தது. ஏறிக்கொண்டாள்.

அழக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஆனாலும் பஸ்சில் மதுரை வரைக்கும் அழுதேன். அன்றைக்கு அந்தக் களத்தில் ஹன்னாவுக்கு மொழிபெயர்க்க இருந்தவள் நான் ஒருத்திதான்.

இப்போது அந்தக் களம் இல்லை. அங்கே மூன்று மாடியில் ஒரு பாத்திரக்கடை நிற்கிறது. மாலை வகுப்பும் நின்றுவிட்டது, அந்த நிறுவனமும் மூடியாயிற்று. பாண்டிமீனாவைப் பார்த்த அன்று, மதுரையில் இறங்கியதும் ஹன்னாவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கங்காணி சொன்னதை, ஒரு சொல் விடாமல், முழுசாக மொழிபெயர்த்து அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லையென்று அது உடனே திரும்பி வந்துவிட்டது.