பூட்டாமல் விட்ட பக்கங்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, மாசாய் ஊரில் என் நண்பரின் ஃபிளாட்டில் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். ஆறு வருடமாக இது நடக்கிறது. நாங்கள் ஆடுவது கதை ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, அந்த ஆள் அந்த இடத்தில் என்ன செய்வான், என்ன பேசுவான் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். ஒரே கதைதான், வாரா வாரம் வளர்ந்துகொண்டே போகும்.

கதையை நடத்துகிறவர் நண்பர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தபோது கூட வேலை செய்தவர்களிடம் இதைக் கற்றுக்கொண்டு வந்தார். அவர் மனைவி, எனக்கு அண்ணி, கதையில் படகுத் திருடி. தொழிற்சாலை பஸ் ஓட்டும் ஒருவர் படைவீரன். நான் வக்கீல்.

நான் பேசத் தெரியாதவன். லாபிஸ் பக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. இப்போது பாசீர் கூடாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சாப்பாட்டுக் கடையில்கூட மற்றவர்கள் கேட்டு முடிக்கும்வரை ஒதுங்கி நிற்பேன். அப்படிப்பட்டவனுக்கு நண்பர் வக்கீல் வேலையைக் கொடுத்தார். முதல் மாதம் முழுக்க வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள், வெள்ளத்தில் வக்கீலின் அக்கா காணாமல் போய்விட்டாள் என்று கதையில் வைத்தார். தேட வேண்டுமென்றால் நாலு பேரிடம் கேட்க வேண்டும். படகுக்காரன், சுங்கக்காரன், எதிரி ராஜா என்று எல்லாரிடமும் வக்கீல் கூசாமல் கேட்டான். எப்போதாவது அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வரும். நண்பர் அதை வாசிக்கும்போது நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்துவிடுவேன்.

போன வருடம் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், நண்பரின் கண்ணில் இறங்கியது. முதலில் பகடையின் எண் தெரியவில்லை. பிறகு தன் கையெழுத்தே தெரியவில்லை. ஆறு வருடக் கதையும் பதினொரு நோட்டுகளில் இருந்தது. ஊர்கள், ஆட்கள், யார் யாருக்கு என்ன உறவு, இனி என்ன நடக்கப் போகிறது, எல்லாம். ஒரு ஞாயிறு, நோட்டை மூடி வைத்துவிட்டு, "இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்," என்றார்.

பஸ் ஓட்டுகிறவர்தான் அந்தச் செயலியைக் கண்டுபிடித்து வந்தார். இப்படிப்பட்ட ஆட்டத்துக்கென்றே செய்தது. ஒவ்வொரு ஆளுக்கும் ஊருக்கும் ஒரு பக்கம். ஒரு பெயரைத் தொட்டால் அந்த ஆளின் பக்கத்துக்குப் போகும். டேப்லெட் அதைத் தமிழில் வாசித்தும் காட்டும். நண்பர் இயர்ஃபோனைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே கதையை நடத்தலாம். ஆனால் பதினொரு நோட்டையும் யார் உள்ளே ஏற்றுவது? அண்ணி மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. பஸ்காரருக்கு இரண்டு ஷிப்ட்.

"நான் செய்றேன்," என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் அண்ணி. "நோட்டைத் திறந்தா ரகசியம் எல்லாம் தெரிஞ்சிடும். அப்புறம் எப்படி ஆடுவீங்க?"

"படிக்காம டைப் பண்றேன், அண்ணி."

"கண்ணை மூடிக்கிட்டா, மச்சான்?" என்று பஸ்காரர் சிரித்தார். சிரித்த பிறகுதான் பக்கத்தில் கண் மங்கிய நண்பர் உட்கார்ந்திருப்பது அவருக்கு நினைவு வந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

நான் ஏற்றி முடிக்கும்வரை ஆட்டத்தை நிறுத்தி வைத்தோம். கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில், அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினேன். மூன்று மாதம் ஆனது. நண்பர் நோட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆடுபவர்களுக்குத் தெரிந்ததை நீல மையிலும், தெரியக் கூடாததைச் சிவப்பு மையிலும் எழுதுவார். செயலியிலும் எழுத்துக்கு நிறம் கொடுக்க வழி இருந்தது. சிவப்பு வந்த இடமெல்லாம் நானும் சிவப்பாக்கினேன். ஒரு வரியைக்கூட விடவில்லை. பக்கத்தின் மூலையில் ஒரு திறந்த பூட்டுப் படம் இருந்தது. பூட்டினால் பிறகு எழுத முடியாமல் போய்விடும் என்று நினைத்து, அதைத் தொடவே இல்லை.

ஏழாவது நோட்டில் என் வக்கீலின் பக்கம் வந்தது. நோட்டை மூடிவிட்டு லாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டால் நண்பருக்குக் கதை குறையும். திறந்தேன். சிவப்பில் நான்கு வரி. அக்கா அந்த வெள்ளத்திலேயே இறந்துவிட்டாள். அவள் சாகும்போது கூட இருந்த படகுக்காரன்தான் கடிதங்களை எழுதுகிறான். அதற்குக் கீழே: "இதை இப்போது சொல்லாதே. தேடும் வரைக்கும்தான் அவன் பேசுவான்."

கடைசி வரியைத் தட்டி முடிக்க வெகு நேரம் பிடித்தது. அன்று சாயங்காலம் வேலையில் ஒரு பலகை அடுக்கைத் தவறான இடத்தில் இறக்கிவிட்டு, திரும்ப எடுத்தேன்.

ஆட்டம் மறுபடி தொடங்கிய ஞாயிறு, ஒன்றும் தெரியாதவன்போல் போய் உட்கார்ந்தேன். நண்பர் ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தார். விரல் தடவித் தடவி டேப்லெட்டில் பக்கம் மாறியது. கதையில் நாங்கள் ஆற்றுத்துறைக்கு வந்தோம். படகுக்காரன் அக்காவின் கடிதத்தைக் கொண்டு வந்தான்.

வழக்கமாக அந்த இடத்தில் அண்ணி விடமாட்டார். "உங்க வாய்க்குப் பயந்துதான் உங்க அக்கா வீட்டை விட்டே ஓடிட்டாங்க, வக்கீலய்யா," என்பார். அன்று தே ஓ தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். படகுக்காரனை எப்போதும் அதட்டும் பஸ்காரரின் படைவீரன், அன்று அவனிடம், "நீங்க உக்காருங்க, அண்ணே," என்றான்.

நண்பர் காதிலிருந்து கழற்றினார்.

"என்ன, எல்லாரும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி பேசுறீங்க?"

அண்ணி என்னைப் பார்த்துவிட்டு உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரே கதையில் ஆடுவதால் அவர்கள் போனிலும் அதே செயலி இருந்தது; பூட்டாத பக்கம் அதில் எல்லாருக்கும் தெரியும். இருவருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் நடிக்கிறார்கள்.

"நான்தாண்ணே," என்றேன். "அந்தப் பூட்டு எதுக்குன்னு எனக்குத் தெரியல. ஒரு பக்கத்தையும் பூட்டல. எல்லாம் எல்லாருக்கும் தெரியுது."

"நான் ரெண்டு பக்கம்தாண்ணே பார்த்தேன்," என்றார் பஸ்காரர்.

"பொய் சொல்லாத லா. நீதானே எனக்குப் போன் பண்ணிப் படிச்சுக் காட்டுன," என்றார் அண்ணி.

நண்பர் என் பக்கமாகத் திரும்பினார். "சிவப்புல எழுதியிருந்தேனே."

"நானும் சிவப்புலதாண்ணே போட்டேன். ஒண்ணுகூட விடல."

அவர் உதடு அசைந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. "உன் பக்கம்?"

"அதையும் டைப் பண்ணேன்."

"அக்கா இல்லேன்னு தெரிஞ்சுக்கிட்டே தேட வந்து உக்காந்தியா? ஏன்?"

வக்கீலாக இருந்தால் நன்றாகப் பதில் சொல்லியிருப்பான். "வேற எங்கேண்ணே போய்ப் பேசுறது," என்றேன்.

முடிந்தது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஆறு வருட உழைப்பை நான்தான் கெடுத்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"மழை பெய்யுது. படகுக்காரன் உன் முன்னாடி நிக்கிறான். கேளு."

என் அக்கா எப்படிச் செத்தாள் என்று வக்கீல் கேட்டான். குரல் நடுங்கவில்லை.

நோட்டில் இருந்தது நான்கே வரி. நண்பர் சொன்னது அரை மணி நேரம். தண்ணீரில் மிதந்து வந்த கோழிக்கூடு, அக்கா அதில் ஏற்றிவிட்ட யாரோ ஒருவரின் குழந்தை, அவள் பிடித்திருந்த கயிறு அறுந்த விதம். கடைசியாக அவள் படகுக்காரனிடம் சொன்னாளாம்: "என் தம்பி கூச்சக்காரன். நான் இல்லேன்னு தெரிஞ்சா யார்கிட்டயும் எதையும் கேக்க மாட்டான்." இது எந்த நோட்டிலும் இல்லை. நான் எல்லா நோட்டையும் ஏற்றியவன், எனக்குத் தெரியும். அவர் அந்த நேரத்தில் எங்கிருந்தோ எடுத்துச் சொன்னார். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் படகுக்காரனை இப்ப என்ன செய்யப் போறீங்க, வக்கீலய்யா?" என்று அவரே கேட்டார். "ஆறு வருசமா ஏமாத்திருக்கான்."

"சிறையில போடணும்," என்றார் பஸ்காரர்.

நண்பர் மேசையைத் தடவிப் பகடையைக் கண்டுபிடித்து என் பக்கம் நகர்த்தினார். நான் அதை எடுக்கவில்லை.

"நியாய சபைக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றேன். "அவனுக்காக நான் வாதாடுறேன்."

நண்பர் டேப்லெட்டை நிமிர்த்தி என்னிடம் நீட்டினார்.

"அப்ப அந்த வழக்குக்குப் புதுப் பக்கம் ஒண்ணு போடு."

"பூட்டணுமாண்ணே?"

"வேணாம். அதுல என்ன வரும்னு எனக்கே தெரியாது."